தலைகீழாகத் தொங்கும் கோழி தூங்கவில்லை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது, உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுத்தில்)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, சந்தா பாக்கி எல்லாம் பேசி முடித்து நீங்கள் களைத்திருக்கும் நேரத்தில் என்னைக் கோழியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர். சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் நம் குடியிருப்பில் இன்றைக்கு ஏழு வீட்டில் கோழி இருக்கிறது. மொட்டை மாடியில் கூண்டு வைத்திருப்பவர்கள் உண்டு, பின்பக்க மதிலோரம் பஞ்சாரம் போட்டுக் கவிழ்ப்பவர்கள் உண்டு. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் அலங்காநல்லூர், பாலமேடு, வாடிப்பட்டி என்று சொந்த ஊருக்கு இவையும் நம்முடன் போய் வருகின்றன. ஊரிலிருந்து அப்பத்தா கொடுத்துவிட்டது என்று புதிதாகவும் வந்து சேருகின்றன. இன்னும் ஒரு மாதத்தில் பள்ளிக்கூடம் அடைத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் இதைப் பேசிவிட வேண்டும் என்று நான்தான் நேரம் கேட்டேன்.

போன சித்திரையில் நடந்ததைச் சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு சொல்கிறேன். நம் குடியிருப்பில் ஒரு குடும்பம் காரில் ஊருக்குக் கிளம்பியது. இரண்டு பெட்டைக்கோழிகளை அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே நாலு ஓட்டை போட்டு, டிக்கியில் ஏற்றினார்கள். இரண்டு மணி நேரப் பயணம். நடுவில் சாப்பிட நிறுத்தினார்கள். வழியெல்லாம் டிக்கியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. "நல்லாத் தூங்குது போல" என்று பேசிக்கொண்டார்கள். ஊரில் போய்த் திறந்தால் ஒன்று செத்துக் கிடந்தது. மற்றது இறக்கையைத் தொங்கவிட்டு, வாயைப் பிளந்து, நிற்க முடியாமல் இருந்தது. அந்த வீட்டுப் பாப்பா கேட்ட கேள்வி இதுதான்: "அதுக்கு வலிச்சிருந்தா கத்தியிருக்கும்ல தாத்தா?"

இல்லை பாப்பா, கத்தாது. இன்றைக்கு நான் சொல்ல வந்ததில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயம்தான். பயம் அளவு மீறும்போது கோழி சத்தத்தை நிறுத்திவிடும், அசைவையும் நிறுத்திவிடும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் கிடையாது. 1646-ல் ரோம் நகரில் அதானசியஸ் கிர்ச்சர் என்ற பாதிரியார் ஒரு புத்தகம் வெளியிட்டார். கோழியின் காலைக் கட்டித் தரையில் படுக்க வைத்து, அதன் அலகுக்கு முன்னால் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டால், கட்டை அவிழ்த்த பிறகும் அது அசையாமல் கிடக்கிறது என்று அதில் எழுதினார். கோட்டைக் கயிறு என்று கோழி நினைத்துக்கொள்கிறது என்பது அவருடைய விளக்கம். ரொம்ப காலம் இதை வேடிக்கை வித்தையாகவே காட்டி வந்தார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் அது வித்தையில்லை, உச்சகட்டப் பயம் என்று கண்டார்கள். பருந்தோ நரியோ பிடித்துவிட்டால் செத்ததுபோல் கிடப்பது, பிடி தளர்ந்தால் ஓடுவது. இது காட்டில் தப்பிக்க உதவிய குணம். எவ்வளவு நேரம் அப்படிக் கிடக்கிறதோ அவ்வளவு பயந்திருக்கிறது என்று கணக்கு. இன்றைக்கும் கோழியின் பயத்தை அளக்க அந்த நேரத்தைத்தான் கடிகாரம் வைத்துக் குறிக்கிறார்கள்.

இப்போது நம் ஊர்ப் பழக்கத்துக்கு வருவோம். இரண்டு காலையும் சேர்த்துக் கட்டி, தலைகீழாக, பைக் ஹேண்டில் பாரில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "அப்படிப் பிடிச்சாத்தான் கோழி சாதுவா இருக்கும்" என்பார்கள். சாதுவாக இருப்பது உண்மை. காரணத்தை இப்போதுதான் சொன்னேன். அதோடு மூச்சுக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் என்ற தசைத்திரை இருக்கிறது. கோழிக்கு அது இல்லை. தலைகீழாகத் தொங்கினால் குடல், ஈரல், இரைப்பை மொத்தமும் சரிந்து காற்றுப் பைகளை அழுத்தும். நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சே ஓடும். ஆகவே, பிள்ளைகள் ஆசையில் கோழியை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிப் பிடிக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. கோழி கையில் அடங்கி இருக்கும், மூச்சு விட முடியாமல்.

பிடிக்கும் முறை எளிது. ஒரு உள்ளங்கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, விரல்களுக்கு நடுவில் கால்களை லேசாகப் பிடியுங்கள். மறு கையை இறக்கைமேல் வையுங்கள். கோழியின் எடை உங்கள் கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். தலை உங்கள் முழங்கைப் பக்கம் இருந்தால் எச்சம் உங்கள் சட்டையில் விழாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது புத்தகம் இல்லை, அலங்காநல்லூரில் கோழி விற்கும் ஒரு அம்மா.

சட்டமும் இதைச் சொல்கிறது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவில், தேவையில்லாத வேதனை தரும் விதத்தில் ஒரு பிராணியைக் கொண்டுபோவது குற்றம். வாகனத்தில் என்றாலும் சரி, கையில் என்றாலும் சரி. முதல் தடவை என்றால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். முப்பது வருடத்துக்கு மேல் ரொக்கம் எண்ணியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பத்து ரூபாய்க்கு இன்றைக்கு ஒரு நாட்டுக்கோழி முட்டை கிடைப்பதே கஷ்டம். அபராதத்துக்குப் பயந்து யாரும் மாறப் போவதில்லை. 2001-ல், பிராணிகளைக் கொண்டு செல்லும் விதிகளில் கோழிக்கென்று தனி அத்தியாயம் சேர்த்தார்கள். அது வியாபாரிகளுக்காக எழுதியது என்றாலும் வீட்டுக்காரர்களுக்கும் பொருந்துகிற சங்கதிகள் அதில் நிறைய. ஏற்றுவதற்கு முன் தீனியும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். கோடையில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது தண்ணீர் காட்ட வேண்டும். சாலை வழியே போகும்போது ஒரு கூண்டின் மேல் இன்னொன்றை அடுக்கக் கூடாது. சேவலையும் பெட்டையையும் ஒரே கூண்டில் வைக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதைப் படித்து என் வீட்டம்மா சிரித்தார். ஆனால் நெருக்கமான இடத்தில் சேவல் மிதித்தே பெட்டையின் முதுகைப் புண்ணாக்கிவிடும்.

டிக்கியில் நடந்த சாவுக்கு முக்கியக் காரணம் சூடு. கோழியின் உடல் சூடே 41 டிகிரியை ஒட்டி இருக்கும். நமக்கு அது கடுமையான காய்ச்சல். அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மேலே இறகுப் போர்வை வேறு. வாயைப் பிளந்து இரைத்து, உள்ளிருக்கும் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணித்தாக வேண்டும். கொண்டையும் தாடியும் கொஞ்சம் உதவும். மூடிய அட்டைப்பெட்டிக்குள் இரைத்தால் என்ன ஆகும்? பெட்டிக்குள் ஈரப்பதம் ஏறும். ஏறிய பிறகு இரைத்தும் பயனில்லை. அக்கினி நட்சத்திரத்தில் மதுரை வெயில் 40-ஐத் தாண்டுகிற ஊர் இது. வெயிலில் நிறுத்திய காருக்குள் அரை மணி நேரத்தில் அதற்கு மேலும் பத்துப் பதினைந்து டிகிரி கூடிவிடும். அவர்கள் சாப்பிட நிறுத்திய அந்த நேரம்தான் கோழியைக் கொன்றது என்று நினைக்கிறேன்.

அதனால் கோடையில் நேரம் முக்கியம். விடிவதற்கு முன் கிளம்புங்கள், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு. இருட்டு கோழிக்கு இன்னொரு வகையிலும் நல்லது. இருட்டில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது, தானாக அடங்கும். ராத்திரி கூண்டில் உட்கார்ந்திருக்கும்போதே எடுத்துக் கூடைக்கு மாற்றிவிட்டால் துரத்திப் பிடிக்கும் வேலையே இல்லை. துரத்திப் பிடித்த கோழி கிளம்பும்போதே பாதி களைத்திருக்கும்.

அட்டைப்பெட்டியைவிட மூங்கில் கூடை நல்லது. நான்கு பக்கமும் காற்று வரும். கோழி உட்காரவும் திரும்பவும் இடம் இருந்தால் போதும். ரொம்பப் பெரிதாக இருந்தால் பிரேக் போடும்போதெல்லாம் உருண்டு அடிபடும். அடியில் பழைய சாக்கு விரித்து மேலே உமி போடுங்கள். செய்தித்தாள் மட்டும் போட்டால் கால் வழுக்கும். கோழி மரக்கிளையைப் பற்றிக்கொண்டு தூங்கப் பிறந்தது, காலுக்குப் பிடி இல்லாவிட்டால் பயணம் முழுவதும் தவிக்கும். கூடையின் வாயை வலையால் கட்டி, மேலே மெல்லிய பருத்தித் துணி போடுங்கள். பிளாஸ்டிக் சாக்கு மட்டும் வேண்டாம். கூடை வைக்கும் இடம் பின் சீட்டின் கீழ் அல்லது சீட்டின் மேல், ஏ.சி. காற்று நேராக அடிக்காத பக்கம். டிக்கி வேண்டவே வேண்டாம். ஸ்கூட்டி என்றால் கால் வைக்கும் தட்டில் கூடையைக் கட்டலாம்.

கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு கொஞ்சமாகக் கம்போ சோளமோ கொடுத்தால் போதும், இரைப்பை முட்டும்படி வேண்டாம். தண்ணீர் கடைசி நிமிடம் வரை இருக்கட்டும். வண்டியில் கிண்ணம் வைத்தால் சிந்தும், படுக்கை நனையும். அதற்குப் பதில் வெள்ளரிக்காய்த் துண்டு, தர்பூசணித் துண்டு போடுங்கள். அரை மணிக்கு ஒரு முறை துணியை விலக்கிப் பாருங்கள். "கொர்ர்" என்று மெல்லப் பேசிக்கொண்டிருந்தால் சரியாக இருக்கிறது. வாய் பிளந்து, இறக்கை உடலைவிட்டு விலகி, கொண்டை கறுத்திருந்தால் உடனே நிழலில் நிறுத்தி இறக்குங்கள். காலையும் கொண்டையையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்து, விசிறி, தானாகக் குடிக்க விடுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது. வாயைத் திறந்து ஊற்றுவதும் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

பேருந்தில் கொண்டுபோகலாமா என்று கீழ்த்தளத்து அக்கா கேட்டார்கள். ஏறும் முன்பே நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள், ஒளித்து வைக்காதீர்கள். 2022 பிப்ரவரியில் தெலங்கானாவில், பெத்தபள்ளியிலிருந்து கரீம்நகர் போன அரசுப் பேருந்தில் ஒருவர் சேவலைத் துணிக்குள் மறைத்து வைத்திருந்தார். அதற்கு நடத்துநர் 30 ரூபாய் டிக்கெட் கிழித்துக் கொடுத்தது நாடு முழுவதும் செய்தியானது. டிக்கெட் போனால் போகட்டும். துணிக்குள் அந்தச் சேவல் எப்படி மூச்சு விட்டது என்பதுதான் என் கவலை.

குஞ்சுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பச்சை, சிவப்பு, ஊதா என்று சாயம் பூசிய குஞ்சுகள் விற்கும். பிள்ளைகள் அழுது வாங்கி வருவார்கள். அவற்றில் பெரும்பாலானவை முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள். முட்டையும் இடாது, கறியும் பிடிக்காது, ஆகவே பொரிப்பகத்துக்கு வேண்டாதவை. முட்டைக்குள் இருந்த மஞ்சள் கரு பொரிக்கும் தருணத்தில் குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடுவதால் இரண்டு நாள் தீனி இல்லாமல் தாங்கும். அதனால்தான் ஒருநாள் குஞ்சுகளை அவ்வளவு தூரம் அனுப்ப முடிகிறது. நம் கைக்கு வரும்போது அந்தச் சேமிப்பு தீர்ந்திருக்கும். முதல் வாரம் அதற்கு 32 முதல் 35 டிகிரி வரை கதகதப்பு வேண்டும். ஃபேன் ஓடும் ஹாலில் ராத்திரி விட்டால் காலையில் இருக்காது. "கீச் கீச்" என்று விடாமல் கத்துவது குளிர். பல்புக்கு அடியில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் சத்தம் மாறும், நீங்களே கேட்கலாம். வாங்காமல் இருப்பது உத்தமம். வாங்கிவிட்டால் பல்பு போடுங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகும் வேலை இருக்கிறது. உடனே மற்றக் கோழிகளோடு விடாதீர்கள். முதல் காரணம் நோய். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரு வாரத்தில் மாடியே காலியாகிவிடும். புதுக்கோழியை மூன்று வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் கால்நடை பராமரிப்புத் துறை இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. இந்த வருடம் விட்டவர்கள் அடுத்ததை விடாதீர்கள். திருப்பரங்குன்றத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையமும் இருக்கிறது, சந்தேகம் கேட்கலாம்.

இரண்டாவது காரணம் பணிமூப்பு. ஆமாம், வங்கியில் எங்களுக்கு இருந்த அதே பட்டியல். நார்வே நாட்டில் தார்லீஃப் ஷெல்டெரப்-எப்பே என்பவர் சிறுவனாக இருந்தபோதே தன் வீட்டுக் கோழிகளைப் பார்த்து, யார் யாரைக் கொத்துகிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தார். 1921-ல் அதையே ஆராய்ச்சிக் கட்டுரையாக்கினார். முதல் கோழி எல்லோரையும் கொத்தும். இரண்டாவது, முதல்கோழியைத் தவிர மற்றவர்களைக் கொத்தும். கடைசிக் கோழி எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும். பட்டியல் முடிவாகிவிட்டால் கூண்டில் சண்டை குறைந்துவிடும். புதிதாக ஒன்று வந்தால் பட்டியல் கலையும். நம் வீட்டுக் கோழியே ஒரு மாதம் ஊரில் இருந்துவிட்டு வந்தாலும் அது புதுக்கோழிதான். "கூடப் பிறந்ததுகளே இப்படி அடிக்குதே" என்று போன வருடம் ஒரு வீட்டில் வருத்தப்பட்டார்கள். தனியாக வைக்கும் காலத்தின் கடைசி வாரத்தில் நடுவில் வலை கட்டி, பார்க்க மட்டும் விடுங்கள். பிறகு ராத்திரியில் சேர்த்துவிடுங்கள். தீனித்தட்டும் தண்ணீரும் இரண்டு இடத்தில் வைத்தால் கடைசிக் கோழியும் பிழைத்துக்கொள்ளும். ரத்தம் வந்தால் மட்டும் உடனே பிரித்துவிடுங்கள், சிவப்பைக் கண்டால் மற்றவையும் கொத்தத் தொடங்கும்.

கோழி குப்புறப் படுத்து, இறக்கையை அடித்து, மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக் கிடந்தால் வலிப்பு வந்துவிட்டது என்று என்னைக் கூப்பிடாதீர்கள். மண்குளியல் அது. பேன் உதிர அதுதான் மருந்து. மாடியில் வளர்ப்பவர்கள் ஒரு பழைய தொட்டியில் மணலும் சாம்பலும் வைத்துக் கொடுங்கள்.

சத்தங்களுக்கு அர்த்தம் உண்டு. முட்டையிடும் முன் கேறுவதும், குஞ்சுக்கு இரை காட்டிக் கூப்பிடுவதும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆஸ்திரேலியாவில் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் எவன்ஸ் என்பவர் எச்சரிக்கைக் குரலை ஆராய்ந்தார். வானத்தில் பருந்து வந்தால் ஒரு குரல், தரையில் விலங்கு வந்தால் வேறு குரல். பருந்தே இல்லாமல் பதிவு செய்த குரலைப் போட்டாலும், முதல் வகைக்குக் கோழிகள் பதுங்கி மேலே பார்த்தன, இரண்டாவதுக்கு நிமிர்ந்து நின்று சுற்றும் பார்த்தன. மாடியில் திடீரென்று எல்லாக் கோழியும் ஒரே நேரத்தில் வாயடைத்துப் பதுங்கினால் ஒரு தடவை வானத்தைப் பாருங்கள்.

இனி, பலர் காத்திருக்கும் விஷயம். சேவல். காலை மூன்றரை மணிக்குக் கூவுகிறது என்று சங்கத்துக்கு இரண்டு புகார் வந்திருக்கிறது. பரிபாடலில் மதுரைக்காரர் பெருமை ஒன்று உண்டு. வஞ்சியும் உறையூரும் கோழி கூவி எழுகிற ஊர்கள், எங்கள் மதுரை வேதம் ஓதும் குரல் கேட்டு எழுகிற ஊர் என்பார்கள். உறையூருக்கே கோழி என்றுதான் பெயர். ஆகவே புகார் கொடுத்தவர்கள் பக்கம் இரண்டாயிரம் வருடத்துச் சான்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சேவல் வெளிச்சத்தைப் பார்த்துக் கூவுவதில்லை. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் 2013-ல், எந்நேரமும் ஒரே மங்கல் வெளிச்சத்தில் வைத்தும் விடியலுக்கு முன்பே அவை கூவத் தொடங்குவதைக் காட்டினார்கள். உடம்புக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது. 2015-ல், பல சேவல்கள் சேர்ந்திருந்தால் பணிமூப்பில் முதல் சேவல் கூவிய பிறகே மற்றவை வரிசைப்படி கூவுகின்றன என்றும் கண்டார்கள். ஆகவே கூண்டுக்குக் கறுப்புத்துணி போட்டு மட்டும் தீராது. தெருவிளக்கு, கார் விளக்கு, பக்கத்துச் சேவலின் குரல் ஆகியவற்றால் கூடுதலாகக் கூவுவதைத் துணி குறைக்கும், அவ்வளவுதான். 2025 பிப்ரவரியில் கேரளாவின் அடூரில், பக்கத்து வீட்டு மாடிச் சேவல் மூன்று மணிக்குக் கூவுகிறது என்று வந்த புகாரை விசாரித்த வருவாய்க் கோட்டாட்சியர், கூண்டை இடம் மாற்ற 14 நாள் அவகாசம் கொடுத்தார். 2019-ல் பிரான்சில் மோரிஸ் என்ற சேவல்மீது வந்த வழக்கில் நீதிமன்றம் சேவல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அது கிராமத்துச் சேவல், நம்முடையது மூன்றாவது மாடிச் சேவல். என் கருத்து, அடுக்குமாடியில் பெட்டைக்கோழி போதும். சேவல் இல்லாமலும் முட்டை இடும், குஞ்சுதான் பொரிக்காது. இருக்கிற இரண்டு சேவலையும் இந்த விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுபோகும்போது அங்கேயே விட்டுவர இரு வீட்டாரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு நன்றி. கொண்டுபோவது மட்டும் விடியும் முன் இருக்கட்டும்.

சங்கச் செலவில் மூன்று மூங்கில் கூடை, வலையோடு, செக்யூரிட்டி அறையில் வாங்கி வைத்திருக்கிறோம். எடுப்பவர்கள் நோட்டில் வீட்டு எண்ணும் தேதியும் எழுதுங்கள். திருப்பித் தரும்போது சாக்கையும் உமியையும் அப்புறப்படுத்தி, சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒரு நாள் முழுக்க மாடி வெயிலில் காயவைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டுக் கழிச்சல் கூடையில் ஏறி இன்னொரு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. மூன்றும் வெளியே போயிருந்தால் என் வீட்டில் ஒன்று இருக்கிறது, கதவைத் தட்டலாம். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை மட்டும் தட்டாதீர்கள்.